சாரலுக்குள் கால் ஆற வேண்டும்

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. ஆஸ்பத்திரியில் என்னைப் போலவே காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள், "உங்களுக்கு லேசரா, பசையா? எது நல்லது?" என்று கேட்டபோதெல்லாம் சிரித்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அவர்கள் பயந்துபோய்த்தான் கேட்டார்கள். நான் வாயைத் திறந்திருக்கலாம். அந்த உறுத்தல் போகவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் இசக்கிமுத்து. ஊர் இலஞ்சி. குற்றாலம் பேரருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்து விடுவது என் தொழில். இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது. சாரல் விழுந்து அருவியில் தண்ணீர் கொட்டும் மூன்று மாதம்தான் எங்களுக்கு வருடம். அதன் பிறகு ஐயப்ப சாமிகள் வரும் காலத்தில் கொஞ்சம் வேலை இருக்கும். மற்ற மாதங்களில் கல்லும் குரங்கும்தான். சீசனில் விடியுமுன் போனால் இருட்டும்வரை ஈரக் கல்லில் நிற்பேன். குனிவேன், நிமிர்வேன், உட்காருவது கிடையாது. தேய்க்க வந்தவரின் முகம் எனக்கு மறுநாள் ஞாபகம் இருக்காது. கால் ஞாபகம் இருக்கும். இது லாரி ஓட்டுகிற கால், இது வாத்தியார் கால், இது பூட்ஸ் போட்டுக் காய்ந்த போலீஸ் கால் என்று கையே சொல்லிவிடும்.

என்னுடைய இடது காலில் பத்து வருடத்துக்கு முன் முழங்காலுக்கு உள்பக்கம் நீலமாக ஒரு கோடு தெரிந்தது. பிறகு அது புடைத்தது, சுருண்டது, கெண்டைக்காலில் மண்புழு போல் நெளிந்தது. எங்கள் பக்கம் இதை 'நரம்பு சுருட்டிக்கிட்டு', அதாவது நரம்பு சுருண்டுவிட்டது, என்பார்கள். நரம்பு முடிச்சு விழுந்தால் தேய்த்துத்தானே எடுக்க வேண்டும்? சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நல்லெண்ணெயைச் சூடு காட்டி, கட்டை விரலை அழுத்தி, முழங்காலிலிருந்து கணுக்கால்வரை இழுத்துவிடுவேன். தேய்க்கும்போது சுகமாக இருக்கும். தண்ணீர் நன்றாக விழும் நாளில் அந்தக் காலை மட்டும் அருவிக்கடியில் நீட்டி அடி வாங்க விடுவேன். எனக்கு மட்டும் செய்தேன் என்று சொன்னால் பொய். சுருண்ட நரம்போடு வந்தவர்களுக்கெல்லாம் இதைத்தான் செய்தேன். பெருமையாகவே செய்தேன்.

போன ஐப்பசியில் அந்தக் கோடு கயிறு போல் இறுகிச் சிவந்து காய்ச்சல் அடித்தது. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டேன். சிவப்பு போயிற்று. கணுக்காலுக்கு மேலே உள்பக்கம் தோல் பழுப்பாகி அரிப்பு வந்தது. சொறிந்த இடத்தில் ஒரு புண். மஞ்சள் பூசினேன், வேப்பெண்ணெய் தடவினேன். மாதக்கணக்காக ஆறவில்லை. வேட்டி மறைத்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டேன்.

பங்குனியில், கோடை மழையால் அருவியில் கொஞ்சம் தண்ணீர் விழுந்த ஒரு செவ்வாய்க்கிழமை. கோவில்பட்டிக்காரர் ஒருவருக்கு முதுகில் தேய்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவர், "ஏ அண்ணாச்சி, ரத்தம்!" என்று கத்தினார். கத்தியவர் பயந்துபோய்த் தன் முதுகைத்தான் தடவிப் பார்த்தார். எனக்கு வலியே இல்லை. கீழே பார்த்தால் என் கணுக்காலிலிருந்து ரத்தம் பீச்சாங்குழல் மாதிரி வந்துகொண்டிருந்தது. ஈரக் கல் முழுவதும் சிவப்பு.

என்னோடு தொழில் செய்யும் தங்கையா அண்ணாச்சி ஓடிவந்தார். "ஏலே, அசையாம நில்லு!" என்று சொல்லி முழங்காலுக்குக் கீழே துண்டை வைத்து முறுக்கிக் கட்டினார். ரத்தம் நிற்கவில்லை. ஆட்டோவில் ஏற்றித் தென்காசிக்குக் கொண்டுபோனார். போகும் வழியெல்லாம், "ஒண்ணும் இல்லலே, ஒண்ணும் இல்லலே" என்றார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் செய்த முதல் காரியம் அந்தத் துண்டை அவிழ்த்ததுதான். என்னைப் படுக்கவைத்துக் காலை மேலே தூக்கி, பஞ்சுத்துணியை ரத்தம் வரும் இடத்திலேயே வைத்து அழுத்திப் பிடித்தார். பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது. "இப்படி ஆனா நிக்கக் கூடாது, மேல கட்டக் கூடாது. படுத்துக் காலைத் தூக்கி, வர்ற இடத்துலயே அமுக்கணும். அவ்வளவுதான்" என்றார். இதை மட்டுமாவது வாசிக்கிறவர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தங்கையா அண்ணாச்சி, "நான் கட்டுனது தப்பா சிஸ்டர்?" என்று மூன்று தடவை கேட்டார்.

புண்ணில் சீழ் இருந்ததால் வார்டில் சேர்த்தார்கள். ரத்தக்குழாய் டாக்டர் திருநெல்வேலியிலிருந்து சனிக்கிழமை மட்டும்தான் வருவார். அதுவரை கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்திப் படுக்கவைத்தார்கள். தலை கீழே, கால் மேலே. இருபத்தாறு வருடத்தில் என் கால் அவ்வளவு ஓய்வாக இருந்ததில்லை.

என் மனைவி பேச்சியம்மாள் வீட்டில் பீடி சுற்றுகிறவள். ஒரு பையில் மாற்று வேட்டியும் இன்னொரு பையில் பீடி இலையும் கத்திரியும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து இலை வெட்ட ஆரம்பித்ததும் நர்ஸ் சத்தம் போட்டார்.

"இது ஆஸ்பத்திரிம்மா. இங்க புகையிலையா?"

"தூளு வீட்டுல இருக்கு சிஸ்டர். இது வெறும் இலை. இலைக்கு என்ன நோயா வரும்?"

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பெரிய டாக்டர் வர்றப்ப மட்டும் உள்ள வச்சிரும்மா" என்று சொல்லிப் போய்விட்டார்.

எனக்கு ஒரு சொல் ஆறுதலாகப் பேசத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. காலையில் இட்லி வாங்கிவருவாள். மருந்து வரிசையில் நிற்பாள். காப்பீட்டு அட்டைக்கு ஒரு வரிசை, ஸ்கேன் சீட்டுக்கு ஒரு வரிசை, பில்லுக்கு ஒரு வரிசை. எல்லாவற்றிலும் அவள்தான் நின்றாள். வார்டுக் கதவு வழியாக அவள் வரிசையில் நிற்பது எனக்குத் தெரியும். ஒரு கால் பாதத்தால் இன்னொரு காலின் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டே நிற்பாள். கொசு கடிக்கிறது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காத்திருக்கும் கூடம் நிறைந்திருந்தது. முகங்களைப் பார்க்கக் கூச்சப்பட்டுக் கால்களைப் பார்த்தேன். எல்லாம் நின்று உழைத்த கால்கள். ஜவுளிக்கடையில் நிற்கும் ஒரு பெண், ஒரு டீச்சரம்மா, பக்கத்தில் பிரானூரில் பரோட்டா போடும் காதர் பாய். அவர்தான் பேச்சுக் கொடுத்தார்.

"அண்ணாச்சிக்கு என்ன வேலை?"

"குத்தாலத்துல."

"குத்தாலத்துல என்ன வேலைன்னு கேட்டேன்."

"எண்ணெய் தேய்க்கது."

"சரியாப் போச்சு. ஊரு காலுக்கெல்லாம் வைத்தியம் பாக்க ஆளு நீரு. நீரே இங்கன வந்து உக்காந்தா நாங்க எங்கன போவ?"

கூடமே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. ஆனால் பாய் குரலைத் தாழ்த்தி, "எனக்கு அடுப்புச் சூடுவே. முன்னால நெருப்பு, கீழ கால் விண்ணு விண்ணுங்குது. ஓனர்ட்ட ஸ்டூல் கேட்டா, உக்காந்துட்டு பரோட்டா வீச முடியுமாங்கான்" என்றபோது அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன்.

ஸ்கேன் எடுப்பவர் ஒரு பெண் டாக்டர். வயிற்றுக்கு எடுப்பது போலப் படுக்கவைத்து எடுக்கமாட்டார்கள். நிற்க வேண்டும். வேட்டியைத் தொடை இடுக்குவரை ஒதுக்க வேண்டும். எத்தனையோ பெரிய மனிதர்களைக் கோவணத்தோடு உட்காரவைத்தவன் நான். அன்றைக்கு வேட்டி நுனியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க சுவத்தைப் பாருங்க. நான் டிவியைத்தான் பாக்குறேன்" என்றார் அவர்.

குளிர்ந்த கூழ் ஒன்றைத் தடவி, ஒரு கருவியைத் தொடையில் வைத்து, கெண்டைக்காலை ஒரு அமுக்கு அமுக்கினார். பெட்டியிலிருந்து 'உஷ்' என்று ஒரு சத்தம். கையை எடுத்ததும் 'உஷ்ஷ்ஷ்...' என்று நீளமாக இன்னொரு சத்தம். தூரத்தில் அருவி விழுவது போல. முதல் சத்தம் ரத்தம் மேலே போவது, இரண்டாவது சத்தம் அது திரும்பிக் கீழே விழுவது என்றார். இரண்டாவது சத்தம் வரவே கூடாதாம்.

பெரிய டாக்டர் அதை விளக்கினார். சுருண்டு கிடப்பது நரம்பு இல்லை. கெட்ட ரத்தத்தைக் காலிலிருந்து நெஞ்சுக்குக் கொண்டுபோகும் குழாய். அவர் கொடுத்த தாளில் 'சிரை' என்று போட்டிருந்தது. அந்தக் குழாய்க்குள் வழிநெடுகச் சின்னச் சின்னக் கதவுகள், மேல்நோக்கி மட்டும் திறக்கும். வருடக்கணக்காக நின்றால் கதவு தளர்ந்துவிடும். ரத்தம் கீழே இறங்கித் தேங்கும். தேங்கிய இடத்தில் தோல் கெடும், புண் வரும், ஒரு நாள் வெடிக்கும்.

"இந்த இடத்துல யார் தேய்ச்சது?" என்று கேட்டார்.

"நாந்தான் சார். தொழிலே அதுதான்."

"எந்தப் பக்கமா தேய்ப்பீங்க?"

"மேலேருந்து கீழ."

அவர் சிரிக்கவில்லை. "மேல ஏற முடியாம கஷ்டப்படுற ரத்தத்தைக் கீழ தள்ளியிருக்கீங்க. போன ஐப்பசியில சிவந்து இறுகினது, உள்ள ரத்தம் உறைஞ்சதால. ஆழமான குழாய்ல அப்படி உறைஞ்சிருந்து, அதை அமுக்கி விட்டிருந்தா, கட்டி கிளம்பி நுரையீரலுக்குப் போயிருக்கும். ஆளே போயிருக்கலாம்."

எனக்கு என் கால் ஞாபகம் வரவில்லை. என் கைக்குக் கீழே வந்த கால்கள் ஞாபகம் வந்தன. நீலமாகச் சுருண்ட கால்கள், ஒரு பக்கம் மட்டும் வீங்கிய கால்கள். "நல்லா அமுக்குவே" என்று சொன்னவர்கள். ஊருக்குப் போய் என்ன ஆனார்களோ. கேட்பதற்கு யாருடைய முகமும் ஞாபகம் இல்லை.

ஆனாலும் நான் டாக்டரிடம் கேட்டது வேறு. "சாரலுக்குள்ள கால் ஆறிருமா சார்?"

"சாரல் எப்ப?"

"வைகாசி கடைசியில விழுந்துரும்."

"புண்ணை மட்டும் ஆத்தினா திரும்ப வரும். கசியிற குழாயை அடைக்கணும். அடைச்சிட்டா ரெண்டு மாசத்துல ஆறலாம். எப்படி அடைக்கிறதுன்னு சொல்றேன்" என்று சீட்டின் பின்பக்கம் ஒரு கால் படம் வரைந்தார்.

அந்தக் குழாயை அடைத்தால் ரத்தம் எப்படிப் போகும் என்றுதான் எல்லோரும் முதலில் பயப்படுகிறோம். உள்ளே ஆழத்தில் பெரிய குழாய்கள் இருக்கின்றன, அவை பார்த்துக்கொள்ளும். அவை நன்றாக இருக்கின்றனவா என்று ஸ்கேனில் பார்த்த பிறகுதான் இதை அடைப்பார்கள்.

முன்காலத்தில் தொடையில் வெட்டிக் குழாயையே உருவி எடுப்பார்கள். படுக்கையில் பல நாள் கிடக்க வேண்டும். இப்போதும் சிலருக்கு அது தேவைப்படும். ஆனால் பெரும்பாலும் ஊசி நுழையும் அளவு துளையிலேயே வேலை முடிந்துவிடுகிறது. லேசர் என்பது மெல்லிய கம்பியைக் குழாய்க்குள் விட்டு வெளிச்சத்தின் சூட்டால் குழாயைச் சுருங்கி ஒட்டவைப்பது. ரேடியோ அலை என்று இன்னொன்று, அதுவும் சூடுதான். சூடு கொஞ்சம் மிதமாக இருப்பதால் முதல் சில நாள் வலியும் கன்றிப்போவதும் குறைவு, வருடங்கள் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்றார் டாக்டர். சூடு வைக்கிற இரண்டுக்கும் குழாயைச் சுற்றி நீளத்துக்கு மரப்பு ஊசி போட வேண்டும்.

நுரை மருந்து என்பது, மருந்தைக் காற்றோடு கலக்கி நுரையாக்கி ஊசியில் ஏற்றுவது. கம்பி நுழையாத கோணல்மாணல் குழாய்களுக்கு அது சரி. செலவு குறைவு. ஆனால் பெரிய குழாய்க்கு அதை மட்டும் போட்டால் சில சமயம் திரும்பத் திறந்துகொள்ளும், மறுபடி போட வேண்டிவரும். தோலில் கொஞ்ச நாள் பழுப்புக் கறை நிற்கும்.

பசை என்று சொன்னதும் என் காது நிமிர்ந்தது. குழாய்க்குள் சொட்டுச் சொட்டாக மருத்துவப் பசை விட்டு, மேலே அமுக்கி ஒட்டிவிடுவது. சூடு இல்லை, நீளத்துக்கு ஊசி இல்லை. விலை அதிகம். ஆனால் மற்ற சிகிச்சைகளுக்குப் பிறகு போட வேண்டிய, காலை இறுக்கிப் பிடிக்கும் அமுக்கும் சாக்ஸ் இல்லாமலேகூடப் பலரும் இருக்கலாமாம்.

"எனக்குப் பசையே போடுங்க சார்" என்றேன். நான் அவ்வளவு சத்தமாகப் பேசி பேச்சியம்மாள் கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தாள்.

என் கணக்கு இது: சாக்ஸ் ரப்பர் இழையில் செய்தது. எண்ணெய் பட்டால் ரப்பர் தொய்ந்துவிடும். நான் பகல் முழுவதும் எண்ணெயிலும் தண்ணீரிலும் நிற்கிறவன். சாக்ஸ் போட வேண்டிய சிகிச்சை எதுவும் என் தொழிலுக்கு ஆகாது.

டாக்டர் என் கட்டைப் பிரித்துப் பார்த்தார். பிளாஸ்திரி ஒட்டியிருந்த இடமெல்லாம், அச்சு எடுத்தது போல் சிவந்து தடித்திருந்தது.

"பிளாஸ்திரி ஒட்டினா எப்பவும் இப்படியா?"

"ஆமா சார். சின்ன வயசுலேருந்தே."

"அப்ப பசை உங்களுக்கு வேண்டாம். உள்ள ஒட்டினதைத் திரும்ப எடுக்க முடியாது. உடம்பு ஒத்துக்கலைன்னா தொல்லை. அதோட, சாக்ஸ் உங்க புண்ணுக்காக. பசை போட்டாலும் அதைப் போட்டுத்தான் ஆகணும்."

பெரிய குழாய்க்கு ரேடியோ அலை, புண்ணுக்கு அடியில் சுருண்டு கிடப்பவற்றுக்கு நுரை என்று முடிவாயிற்று. "லேசர் நல்லதில்லையா சார்?" என்று பேச்சியம்மாள் கேட்டாள். "நல்லதுதாம்மா. இங்க அலை மிஷின் இருக்கு, எனக்கு அதுல கை பழகியிருக்கு" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. தொழில்காரன் பதில்.

அடுத்த சனிக்கிழமை செய்தார்கள். மயக்கம் கொடுக்கவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் என் கால். மரப்பு ஊசிதான் கஷ்டம்; முழங்காலிலிருந்து தொடைவரை ஊசி ஊசியாகக் குளிர்ந்த தண்ணீர் ஏற்றினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டேன். அதன்பிறகு மிஷின் சின்னதாகக் கூவும், நிற்கும், நாலு விரல் அளவு கம்பியை இழுப்பார்கள், மறுபடி கூவும். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கட்டுப் போட்டு, "எழுந்து நடங்க" என்றார்கள். அரை மணி நேரம் வராந்தாவில் நடந்தேன். அங்கே பச்சை அங்கியில் தன் முறைக்காகக் காத்திருந்த காதர் பாய் என்னைப் பார்த்ததும், "என்ன அண்ணாச்சி, உசிரோட இருக்கீரா?" என்று கேட்டார். "வலிக்குதா?" என்று கேட்கக் கூச்சப்பட்டுத்தான் அப்படிக் கேட்டார். "ஊசி மட்டுந்தான் பாய். எண்ணிக்கிட்டே இருங்க, முடிஞ்சிரும்" என்றேன். ஆஸ்பத்திரியில் நான் ஒருவருக்குச் சொன்ன ஒரே யோசனை அது.

அமுக்கும் சாக்ஸை எப்படி மாட்டுவது என்று நர்ஸ் பேச்சியம்மாளுக்குத்தான் சொல்லிக்கொடுத்தார். முன்பே டாக்டர் பாதத்தில் நாடி அடிக்கிறதா என்று தொட்டுப் பார்த்திருந்தார். நல்ல ரத்தம் குறைவாக வரும் காலுக்கு இறுக்கமான சாக்ஸ் ஆபத்தாம். காலையில் படுக்கையிலிருந்து காலைக் கீழே வைக்குமுன் மாட்டிவிட வேண்டும். சாக்ஸை உள்வெளியாகத் திருப்பி, குதிகால் இடத்தை முதலில் சரியாக உட்காரவைத்து, பிறகு மடிப்பு இல்லாமல் மேலே ஏற்ற வேண்டும். "குதிகால்தாம்மா முக்கியம். அது கோணினா எல்லாம் கோணிரும்" என்று நர்ஸ் நாலு தடவை சொன்னார்.

வீட்டில் ஒவ்வொரு விடிகாலையும் அவள் அதைச் செய்தாள். சாக்ஸ் நனையாமல், அதில் எண்ணெய் படாமல் சீசனில் என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டே இருந்ததைப் பார்த்தோ என்னவோ, ஒரு நாள் பழைய குடை இரண்டைப் பிரித்து அந்தத் துணியில் முழங்கால்வரை ஒரு உறை தைத்துவிட்டாள். மேலே நாடா. "இதை மேல போட்டுக்கிட்டு நில்லுங்க. தண்ணியும் வராது எண்ணெயும் வராது" என்றாள். தங்கையா அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு, "ஏலே, மழை வந்தா காலை விரிச்சிரலாம்" என்றார். நான் உட்கார்ந்து தேய்க்க ஒரு முக்காலியும் அவரே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

புண் ஓரத்திலிருந்து மூடிக்கொண்டே வந்தது. வைகாசி பாதியில் கடுகளவு ஆயிற்று. சாரலுக்குள் ஆறிவிடும் என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

பகலில் இரண்டு மூன்று தடவை தரையில் படுத்து, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்திருக்க வேண்டும். அப்படி ஒரு நாள் படுத்திருந்தேன். பேச்சியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என் தலை தரையில் இருந்தது. அவள் கால் என் கண்ணுக்கு நேரே வந்தது.

இரண்டு காலிலும் முழங்கால் பின்பக்கம் நீலக் கயிறு. வலது கணுக்காலுக்கு மேலே உள்பக்கம், என்னுடையதைப் போலவே, பழுப்பு. சொறிந்த தடம்.

"ஏட்டி, அது என்ன?"

சட்டென்று சேலையை இறக்கிவிட்டாள். "எது?"

"கால்ல."

"அது எப்பவும் உள்ளதுதான். பிள்ளை பெத்தப்ப வந்துச்சு. பொம்பளைக்கு வரதுதானே."

எங்கள் மகளைக் கட்டிக்கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. அவள் பிறந்ததிலிருந்து அத்தனை வருடம்.

"ஏன் சொல்லல?"

"நிக்கவரு நீங்க. நான் உக்காந்துட்டு பீடி சுத்துதவ. எனக்கு என்ன?" என்று சொல்லிவிட்டுத் துணியைப் பிழிந்தாள்.

நாள் முழுவதும் அசையாமல் மடித்து உட்கார்ந்தாலும் அதே கேடுதான் என்று டாக்டர் சொன்னபோது அவளும் பக்கத்தில்தான் நின்றாள். கொசு கடிக்கிறது என்று நான் நினைத்தது இந்த அரிப்பைத்தான் என்று எனக்கு அப்போது புரிந்தது. என் காலுக்காக அவள் அந்தக் காலோடு எல்லா வரிசையிலும் நின்றிருக்கிறாள். இன்னொன்றும் ஞாபகம் வந்தது. சில வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம், "அந்த எண்ணெயில கொஞ்சம் தாரீங்களா?" என்று கேட்டாள். குப்பியை அப்படியே கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் காலைக் காட்டியிருக்கமாட்டாள். புருஷன் பெண்டாட்டி காலைத் தொட்டால் அவளுக்குப் பாவம் என்பது எங்கள் வீடுகளில் பேசாமலே உள்ள வழக்கம். எத்தனை ஊர்க் காலைத் தொட்டிருக்கிறேன். அவள் காலை நான் தொட்டதும் இல்லை, பார்த்ததும் இல்லை.

"வார சனிக்கிழமை டாக்டர்ட்ட போவோம்" என்றேன்.

"சீசன் முடியட்டும். முதல்ல நீங்க நில்லுங்க."

"நானும் இப்படித்தான் தள்ளிப்போட்டேன். எங்க போய் முடிஞ்சுதுன்னு பாத்தல்லா?"

அவள் துணியை நனைத்து மறுபடி தரையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை மலை மேல் கறுத்தது. வெள்ளிக்கிழமை காற்று திரும்பிச் சாரல் விழுந்தது. சனிக்கிழமை காலை என் புண் இருந்த இடத்தில் புதுத் தோல் ரோஜா நிறத்தில் மூடியிருந்தது. எதற்காக இரண்டு மாதம் காத்திருந்தேனோ அந்த நாள் அது. பேச்சியம்மாள் எனக்குச் சாக்ஸ் மாட்டி, குடைத்துணி உறையைப் பையில் வைத்து, "கிளம்புங்க" என்றாள்.

நான் அந்தப் பையிலிருந்து உறையை எடுத்து வெளியே வைத்துவிட்டு, காப்பீட்டு அட்டையை உள்ளே வைத்தேன். "நீயும் கிளம்பு" என்றேன். அவள் சேலை மாற்றப் போனாள்.

காத்திருக்கும் கூடத்தில் டோக்கன் வரிசையில் நான் நின்றேன். அவளை நாற்காலியில் உட்காரவைத்து எதிரில் இன்னொரு நாற்காலியில் காலைத் தூக்கி வைக்கச் சொன்னேன். வெட்கப்பட்டுச் சேலையால் மூடிக்கொண்டாள். அப்போது போன் வந்தது. தங்கையா அண்ணாச்சி. பின்னால் அருவியின் இரைச்சல்.

"ஏலே, தண்ணி விழுந்துட்டு! ஆளு வரிசையா நிக்கான். உன்னைய கேட்டே நாலு பேரு வந்துட்டான். எங்கன இருக்க?"

"தென்காசியில. ஆஸ்பத்திரியில."

"மறுபடியுமா? கால் என்ன ஆச்சு?"

"என் கால் இல்ல. பேச்சிக்கு."

"சரிலே. முக்காலி இங்கன கிடக்கும். பாத்துட்டு வா" என்று வைத்துவிட்டார். ஒரு விஷயம் சொல்ல நினைத்து நானே திரும்பக் கூப்பிட்டேன். "அண்ணாச்சி, நரம்பு சுருண்ட கால், ஒத்தைக் கால் வீங்குன ஆளு யாரும் வந்தா, முதுகோட நிறுத்திக்கிடுங்க. காலைத் தொடாதீங்க. டாக்டர்ட்ட போச் சொல்லுங்க." அவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியதில்லை.

ஸ்கேன் அறைக்குள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெட்டியில் அந்த இரண்டாவது சத்தம் நீளமாகக் கேட்டது. இரண்டு காலிலும். நல்லவேளை, புண் இன்னும் இல்லை, உறைந்த ரத்தமும் இல்லை. அவளுக்கு நீளக் குழாய் அவ்வளவு கெடவில்லை, கிளைக் குழாய்கள்தான். நுரை மருந்தே போதும், இரண்டு மூன்று தடவை வர வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். ஆடியில் தேதி கொடுத்தார். எது நல்லது என்று கேட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது இதைத்தான்: ஒரே வீட்டில், ஒரே நோய்க்கு, இரண்டு பேருக்கு இரண்டு வைத்தியம். உங்கள் காலை நிற்கவைத்து ஸ்கேன் எடுக்கிறவர் சொல்லட்டும். பக்கத்து நாற்காலிக்காரரின் கால் உங்கள் கால் இல்லை.

ஆடி வரைக்கும் அவளும் சாக்ஸ் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை அவள் எழுந்து காலைக் கீழே வைக்குமுன் நான் பாய் ஓரத்தில் உட்கார்ந்து புதுச் சாக்ஸை உள்வெளியாகத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"என்ன பண்ணுதீங்க? குடுங்க, நானே போட்டுக்கிடுதேன். கால்ல எல்லாம் கை வைக்காதீங்க. பாவம்" என்று காலை இழுத்துக்கொண்டாள்.

"குனிஞ்சு குதிகாலைச் சரியா வைக்க உன்னால முடியாது. நீட்டு."

நீட்டவில்லை. நான் கையை நீட்டியபடியே இருந்தேன். கூரைத் தகரத்தில் சாரல் விழும் சத்தம் கேட்டது. தாமதமாகப் போனால் அருவிக்கரையில் நல்ல இடம் போய்விடும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மெல்ல ஒரு காலை நீட்டினாள். குதிகாலை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டேன். வெடிப்பு விழுந்த, சின்னக் கால். குதிகாலை முதலில் உட்காரவைத்து, மடிப்பு விழாமல், கீழேயிருந்து மேலே ஏற்றினேன்.

"இந்த சீசனுக்கு உங்களுக்கு முதல் போணி நாந்தானா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன். அடுத்த காலை அவளாகவே நீட்டினாள்.